பந்து கையில் நிற்கவில்லையா? சிறுவர் கூடைப்பந்து டிரிபிளிங்கில் குறையைக் கண்டு சரிசெய்யும் வழிமுறை

பிள்ளைகள் டிரிபிள் செய்யும்போது, அதாவது பந்தை ஒரு கையால் தரையில் தட்டித் தட்டித் துள்ளவைக்கும்போது, அது நழுவினால், நம் கண் நழுவிய அந்தத் தட்டிலேயே நின்றுவிடுகிறது. "கையை ஒழுங்காக வை" என்று சத்தம் போடுகிறோம். பந்து காலில் பட்டு ஓடியதற்கான காரணமோ அதற்கு முந்தைய தட்டிலேயே நடந்து முடிந்திருக்கும். கை பந்தின் உச்சியில் படாமல் முன்பக்கம் பட்டிருக்கும், முழங்கால் நிமிர்ந்திருக்கும், அல்லது அந்தக் கைக்கு அந்தப் பந்தே பெரியதாக இருக்கும். எனவே எந்த அறிகுறிக்காக இதைப் படிக்க வந்திருந்தாலும், முதலில் ஒரு நிமிடம் பேசாமல் நின்று பாருங்கள். பந்து தப்புவதற்கு முந்தைய இரண்டு தட்டுகளில் கை எங்கே பட்டது, பந்து எவ்வளவு உயரம் வந்தது, கண் எங்கே இருந்தது என்று மனதில் குறித்துக்கொண்டு, பிறகு உங்களுக்குரிய பகுதிக்குப் போங்கள்.

எந்தக் குறைக்கும் முன்: பந்தைச் சோதியுங்கள்

ஆண்கள் ஆடும் 7ஆம் எண் பந்தின் எடை ஏறத்தாழ 600 கிராம், சுற்றளவு 75 முதல் 77 செ.மீ. பெண்கள் ஆடும் 6ஆம் எண் பந்து 510 முதல் 550 கிராம் வரை இருக்கும். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 5ஆம் எண் பந்துதான் சரி. அதன் சுற்றளவு சுமார் 70 செ.மீ., எடை 500 கிராமுக்குள். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் 7ஆம் எண் பந்தைக் கொடுத்தால் விரலால் தள்ள அதற்குப் பலம் போதாது. தோளிலிருந்து ஓங்கி அடிக்கத் தொடங்கும், அதுவே பழக்கமாகிவிடும். பெரிய பந்தில் பழகினால் சின்னப் பந்து சுலபமாகும் என்று சொல்பவர்கள் உண்டு. டிரிபிளிங்கைப் பொறுத்தவரை இந்த வயதில் அது கெடுதல்தான் செய்கிறது.

காற்று அளவு வால்வுக்குப் பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும்; பெரும்பாலும் 7 முதல் 9 பிஎஸ்ஐ. அளக்கும் கருவி இல்லையென்றால், பந்தின் அடிப்பகுதி தரையிலிருந்து 1.8 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி பிடித்து, தள்ளாமல் விடுங்கள். மேலே எழும்போது பந்தின் உச்சி 1.2 மீட்டருக்கும் 1.4 மீட்டருக்கும் இடையில் வந்தால் போதுமானது. காற்று குறைந்த பந்தை எழுப்பப் பிள்ளை அறைந்தாக வேண்டும். காற்று மிகுந்த பந்து விரல் பதியும் முன்பே துள்ளிப் போய்விடும். தூசி படிந்து வழுக்கும் பந்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்துக் கொடுங்கள். நகம் வெட்டியிருக்க வேண்டும். மோதிரமும் கைக்கடிகாரமும் கழற்றி வைத்திருக்க வேண்டும்.

"பட், பட்" என்று அறையும் சத்தம் கேட்கிறது

சரியான டிரிபிளில் தரையின் சத்தம் ஒன்றுதான் கேட்கும். கையிலிருந்தும் ஒரு சத்தம் வருகிறதென்றால் உள்ளங்கை பந்தை அறைகிறது என்று பொருள். பந்து மேலே வரும்போது கை காத்திருந்து, எதிரே இறங்கி மோதுவதால் வரும் சத்தம் அது. நல்ல கை பந்தோடு சேர்ந்து சற்று மேலே எழும், அதன் வேகத்தை உறிஞ்சும், பிறகு அதே விரல்களால் கீழே தள்ளும். தொடுகை நீளமாக இருக்கும். பந்தை எந்தத் திசையில் அனுப்புவது என்று தீர்மானிக்கக் கிடைக்கும் நேரம் அந்த நீளம்தான்.

சாக்பீஸ் தூளை வைத்து இதைப் பிள்ளைக்கே காட்டலாம். பந்தின் மேல் தூளை மெல்லத் தடவிக் கொடுத்து, நின்ற இடத்தில் இருபது தட்டு தட்டச் சொல்லி, கையை விரித்துப் பாருங்கள். ஐந்து விரல்களின் சதைப்பகுதியும், விரல்கள் தொடங்கும் இடத்து மேட்டுப் பகுதியும் வெள்ளையாகி, நடுவே உள்ளங்கைக் குழி மட்டும் சுத்தமாக இருந்தால் கை சரி. குழி முழுக்க வெள்ளையானால் அறைகிறது. கட்டைவிரலில் தூளே இல்லையென்றால் அதை ஒட்டி மடக்கி வைத்திருக்கிறது; அப்படிப்பட்ட கை பக்கவாட்டில் பந்தை இழக்கும். விரல் நுனியால் மட்டும் தட்டுவதும் தவறுதான். "நுனி விரலால் தட்டு" என்று சொல்லிக்கொடுத்து நகத்தால் குத்த வைத்துவிடுகிறோம். வேலை செய்ய வேண்டியது விரலின் சதை.

சரிசெய்ய இரண்டு பயிற்சிகள் போதும். முதலாவது, சுவர் டிரிபிள். சுவரிலிருந்து ஒரு முழ தூரத்தில் நின்று, நெற்றி உயரத்தில் பந்தைச் சுவரில் விரல்களால் விரைவாகத் தட்டுவது. கைக்கு 20 விநாடி. பந்து சுவரிலிருந்து ஒரு சாணுக்கு மேல் விலகக் கூடாது. இவ்வளவு நெருக்கத்தில் அறைவதற்கு இடமே கிடைக்காது, கை தானாகவே விரலுக்கு மாறும். இரண்டாவது, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, பந்தைக் கணுக்கால் உயரத்துக்கும் முழங்கால் உயரத்துக்கும் இடையில் தட்டுவது. தோள் அசையாமல் மணிக்கட்டு மட்டும் வேலை செய்கிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

பந்து காலில் படுகிறது, அல்லது முன்னால் ஓடிவிடுகிறது

இங்கே கண்பார்வைக்கோ சுறுசுறுப்புக்கோ வேலையில்லை. கை பந்தின் எந்தப் பக்கம் பட்டது என்பதே கணக்கு. பின்பக்கம் தள்ளினால் பந்து முன்னே போகும். முன்பக்கம் தள்ளினால் உங்கள் காலை நோக்கி வரும். வெளிப்பக்கம் பட்டால் உடலுக்கு உள்ளே வரும். உட்பக்கம் பட்டால் விலகிப் போகும். நேராக எழும்பி வர வேண்டுமென்றால் உச்சிதான்.

காலில் படும் பந்தைக் கவனித்தால், பெரும்பாலும் பந்து உடலுக்கு நேர் முன்னால் தட்டப்படுகிறது. கை நீண்டு, பந்தைத் தாண்டி, அதன் முன்பக்கத்தில் விழுகிறது. தட்டும் இடத்தை மாற்றினாலே பாதிக் குறை போய்விடும். வலது கை என்றால் வலது பாதத்துக்கு வெளியே ஒரு சாண் தள்ளி, கால் கட்டைவிரலுக்கு நேராக. அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு தட்டளவு வட்டம் போட்டு, 30 தட்டில் எத்தனை வட்டத்துக்குள் விழுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். 25க்கு மேல் வந்தபின் அடுத்த படி: வேண்டுமென்றே முன்னும் பின்னுமாக ஒரே கையால் பந்தை இழுத்துத் தள்ளும் பயிற்சி. பக்கவாட்டில் 'வி' வடிவில் பந்து முன்னே போய்ப் பின்னே வர வேண்டும். கை உச்சியிலிருந்து பின்பக்கத்துக்கும் முன்பக்கத்துக்கும் நகர்வதைப் பிள்ளை இதில்தான் உணர்கிறது. பிறகு உடலின் முன்னால் அதையே இடமும் வலமுமாகச் செய்யலாம்.

கண் பந்தை விட்டு எழவே மாட்டேன் என்கிறது

"மேலே பார்" என்று எத்தனை முறை சொன்னாலும் பயனில்லை. பிள்ளை ஒரு நொடி நிமிர்ந்துவிட்டு மறுபடி குனியும், ஏனென்றால் பந்து எங்கே வரும் என்ற செய்தி அதன் விரலுக்கு இன்னும் எட்டவில்லை. அந்தச் செய்தி வரும் வரை கண் இறங்கத்தான் செய்யும். ஆகவே மேலே சொன்ன இரண்டு குறைகளும் தீராமல் இந்தக் குறையில் கை வைக்காதீர்கள்.

தீர்ந்த பிறகு, கண்ணுக்கு ஒரு வேலை கொடுங்கள். நான்கு மீட்டர் தள்ளி நின்று விரல்களைக் காட்டுங்கள். பிள்ளை எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு இரண்டு விநாடிக்கும் எண் மாறட்டும். அது பழகியதும் இரண்டு கையிலும் விரல் காட்டிக் கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள். கணக்குப் போடும்போது பந்து தப்பினால் டிரிபிள் இன்னும் தானியங்கி ஆகவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். கண்ணைக் கட்டித் தட்டும் பயிற்சி நின்ற இடத்தில் பத்துப் பதினைந்து தட்டுக்கு நல்லது. நடக்கும்போது வேண்டாம், விழுந்து அடிபடும்.

ஒரு கை நன்றாக ஓடுகிறது, மற்றது மரக்கட்டை மாதிரி

எல்லாப் பிள்ளைகளுக்கும் இருப்பதுதான். இது நீடிப்பதற்குக் காரணம் பயிற்சியின் வரிசை. எல்லாப் பயிற்சியையும் பழகிய கையில் தொடங்கி, பழகாத கைக்கு வரும்போது நேரமும் தெம்பும் தீர்ந்துவிடுகிறது. வரிசையைப் புரட்டிப் போடுங்கள். பழகாத கை முதலில், பழகிய கை நடுவில், மறுபடி பழகாத கை. கைக்கு 20 விநாடி வீதம் மூன்று சுற்று என்றால், பழகாத கைக்கு நேரம் தானாகவே இரட்டிப்பாகிவிடும்.

அந்தக் கையின் உயரத்தையும் பாருங்கள். பழகாத கை பயத்தில் பந்தை மிகத் தாழ்வாகவோ, மிக மெதுவாகவோ தட்டும். இடுப்பு உயரத்துக்கு ஓங்கித் தட்டும் பவுண்ட் டிரிபிள் இதற்கு நல்ல மருந்து. பந்து தப்பும், தப்பட்டும். முதல் வாரத்தில் பத்துக்கு நான்கு முறை தப்பினாலும் வலுவாகத் தட்டுவதைப் பாராட்டுங்கள்.

இரண்டு பந்து: ஒன்றாகத் தட்டினால் சரி, மாறி மாறித் தட்டினால் குழப்பம்

கை ஒத்திசைவை வளர்க்க இரண்டு பந்துப் பயிற்சிக்கு ஈடாக வேறொன்று கிடையாது. பிள்ளைகள் மனம் விட்டுப் போவதும் இதில்தான். இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஒரே அசைவைச் செய்வது உடம்புக்கு இயல்பு. மாறி மாறிச் செய்யச் சொன்னால் நாலைந்து தட்டு ஓடும், பிறகு இரண்டு பந்தும் ஒன்றாக விழத் தொடங்கும்.

அது பிள்ளையின் கவனக்குறைவு என்று நினைப்போம். பந்துகளின் உயரத்தைப் பாருங்கள், காரணம் அங்கே இருக்கிறது. 70 செ.மீ. உயரத்திலிருந்து தானாக விழும் பந்து தரையைத் தொட்டு அதே உயரத்துக்குத் திரும்ப ஏறத்தாழ முக்கால் விநாடி ஆகும். 40 செ.மீ. என்றால் 0.57 விநாடிதான். கை தள்ளும்போது இரண்டும் இன்னும் வேகமாகும், ஆனால் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். பழகாத கை தன் பந்தைத் தாழ்வாகத் தட்டுவதால் அது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடுகிறது. மூன்று நான்கு தட்டில் அந்தக் கொஞ்சம் சேர்ந்து, இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே தாளத்தைத் திருத்துவதற்கு முன் உயரத்தைச் சமன் செய்யுங்கள்.

1. இரண்டு பந்தும் ஒரே எண், ஒரே காற்று அளவு. ஒன்று மென்மையாக இருந்தால் கீழே சொல்வது எதுவும் பலிக்காது.
2. இரண்டையும் ஒன்றாக, இடுப்பு உயரத்தில், 20 தட்டு. இரண்டும் தரையில் விழும்போது ஒரே சத்தம் கேட்க வேண்டும். "டட்-டக்" என்று இரட்டையாகக் கேட்டால் உயரம் இன்னும் சமமாகவில்லை.
3. வலது பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு இடது பந்தை மட்டும் நான்கு தட்டு. பிறகு கை மாற்றி நான்கு. இப்படி இறங்கி இரண்டிரண்டு, கடைசியில் ஒவ்வொன்று. ஒவ்வொன்றாக வரும்போது பிடிப்பதை விட்டுவிட்டால் அதுவே மாறி மாறித் தட்டுவது.
4. "தா-தை-தா-தை" என்று பிள்ளையே வாய்விட்டுச் சொல்லட்டும். கோச் சொல்வதைவிடப் பிள்ளையே சொல்வது கைக்கு நன்றாகப் பிடிபடுகிறது.
5. எட்டு தட்டு குலையாமல் வந்தால் நிறுத்துங்கள், மூச்சு வாங்கி மறுபடி எட்டு. குலைந்த பிறகும் தொடர விட்டால் குலைவதைத்தான் பழகும்.

ஒரு பந்து முழங்கால் உயரம், மற்றது இடுப்பு உயரம் என்ற பயிற்சியைப் பலரும் சீக்கிரமே கொடுத்துவிடுகிறார்கள். மாறி மாறித் தட்டுவது 30 வரை வரும் வரை அதைத் தள்ளிப்போடுவது நல்லது.

கிராஸ்ஓவரில் பந்து பறிபோகிறது

பந்து ஒரு கையிலிருந்து மறு கைக்கு உடலின் முன்னே கடக்கும் அந்த நேரத்தில் அதற்குக் காவல் யாரும் இல்லை. அந்த நேரத்தைக் குறைக்க வேண்டும், பாதையைத் தாழ்த்த வேண்டும். எதிராளி பறிப்பது பெரும்பாலும் பந்து தரையைத் தொட்டு மேலே எழும் பாதியில்தான். வாங்கும் கை இடுப்பருகே காத்திருந்தால் பந்து அங்கே வரும் வரை காற்றில் தனியாக இருக்கும்.

வாங்கும் கை முழங்காலுக்குக் கீழே, உள்ளங்கை பந்தை நோக்கி, முன்கூட்டியே இறங்கியிருக்க வேண்டும். தள்ளும் கை பந்தின் வெளிப்பக்கத்தில் படவேண்டும். பந்து இரண்டு பாதங்களுக்கும் நடுவில் விழாமல் வாங்கும் கைப்பக்கப் பாதத்தின் அருகே விழட்டும். அப்போது எழும் பாதை சின்னதாகும். இவை மூன்றும் முழங்கால் மடங்காமல் நடக்காது. நிமிர்ந்து நிற்கும் பிள்ளையின் கைக்கும் தரைக்கும் இடைவெளி அதிகம், பந்து அதைக் கடந்தே வரும். இரண்டு நாற்காலிகளுக்கு இடையே முழங்கால் உயரத்தில் கயிறு கட்டி, பந்து அதன் உயரத்துக்கு மேலே எழாமல் கைமாற வேண்டும் என்று வையுங்கள். பிள்ளை கயிற்றுக்கு இந்தப் பக்கம், கைகள் கயிற்றுக்கு மேலேயிருந்து இறங்க வேண்டியதில்லாதபடி ஒட்டி நிற்கட்டும். கயிறு உயரத்துக்கான அளவுகோல் மட்டுமே.

கால்களுக்கு நடுவே பந்து மாட்டுகிறது: எட்டு வடிவம், ஸ்பைடர்

தட்டாமல், பந்தைக் கால்களைச் சுற்றி எட்டு வடிவில் கை மாற்றும் பயிற்சியில் பந்து கெண்டைக்காலில் இடித்தால், பாதங்கள் நெருங்கியிருக்கின்றன. தோள் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு விரிக்கச் சொல்லுங்கள். முதுகைக் குனிந்து செய்யும் பிள்ளைக்குக் கை பின்னால் எட்டாது. இடுப்பை இறக்கி, நாற்காலியில் உட்காரப் போவதுபோல் இருக்க வேண்டும். தட்டிக்கொண்டே எட்டுப் போடும்போது ஒரு முழுச் சுற்றுக்கு முதலில் எட்டுத் தட்டு, பிறகு ஆறு, பிறகு நான்கு என்று குறையுங்கள். தொடக்கத்திலேயே நான்கு தட்டு கேட்டால் பந்து பாதத்தில்தான் விழும்.

ஸ்பைடரில் வரிசை வலது முன், இடது முன், வலது பின், இடது பின். பந்து கால்களுக்கு நடுவில் ஒரே இடத்தில் துள்ள, கைகள் மட்டும் இடம் மாறும். பெரும்பாலும் மூன்றாவது தொடுகையில் பந்து பின்னால் நழுவும். முன்பக்கத் தொடுகையில் பந்து கொஞ்சம் பின்னோக்கித் தள்ளப்பட்டிருக்கும், அதைத் திருத்த நேரம் இருக்காது. எனவே முதலில் பிடித்துச் செய்யும் வடிவம்: இரு கையாலும் முன்னால் பிடி, விடு, ஒரு துள்ளல், இரு கையாலும் பின்னால் பிடி. இது பத்து முறை நேராக வந்தால் பந்து நடுவில் விழக் கற்றுக்கொண்டது என்று அர்த்தம். பிறகு ஸ்பைடர், எட்டுத் தொடுகையில் நிறுத்தம்.

டென்னிஸ் பந்தைப் பிடிக்கும்போது டிரிபிள் நின்றுவிடுகிறது

ஒரு கை டிரிபிள், மறு கை டென்னிஸ் பந்தை எறிந்து பிடித்தல். எறி தாழ்வாக இருந்தால், சின்னப் பந்து கைக்கு வரும் கணமும் பெரிய பந்து கைக்கு வரும் கணமும் மோதிக்கொள்ளும். பிள்ளை ஒன்றைத்தான் கவனிக்க முடியும், சின்னதைப் பிடித்துவிட்டுப் பெரியதை விட்டுவிடும். தலைக்கு மேல் ஒரு சாண் வரை எறியச் சொல்லுங்கள். முழங்கால் உயர டிரிபிள் இரண்டு அடங்கும் அளவுக்கு நேரம் கிடைக்கும். "எறி, தட்டு, தட்டு, பிடி." அது வந்தபின், இரண்டு தட்டில் ஒன்றைக் கிராஸ்ஓவராக மாற்றி, எறிந்த கை டிரிபிளுக்கும் டிரிபிள் செய்த கை பிடிப்பதற்கும் மாறலாம். கண் டென்னிஸ் பந்திலேயே இருப்பதால், பார்வை எழாத பிள்ளைக்கும் இது உதவுகிறது.

ஓடும்போது பந்து பின்தங்குகிறது, அல்லது நடுவர் விசில் அடிக்கிறார்

ஓட்டத்தில் பந்தை உச்சியில் தட்டினால் உடல் அதைத் தாண்டிப் போய்விடும். கை பின்பக்கத்துக்கு இறங்கி, பந்தை முன்னே தள்ள வேண்டும். கோர்ட்டின் முழு நீளமான 28 மீட்டரை எத்தனை தட்டில் கடக்கிறது என்று எண்ணுங்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு தட்டு குறைந்தால் தள்ளுதல் நீள்கிறது என்று தெரியும்.

விசில் வேறு கதை. கை பந்தின் அடியில் போய், பந்து ஒரு கணம் கையில் தங்கினால் டிரிபிள் முடிந்ததாகிவிடும்; மறுபடி தட்டினால் 'கேரி' என்ற விதிமீறல். பிள்ளை தயங்கி நிற்கும்போதும், திசை மாற்றும்போதும் இது நுழைகிறது. பந்து தொப்புள் உயரத்தைத் தாண்டுவதே முதல் அறிகுறி, ஏனென்றால் அவ்வளவு உயரத்தில் கையால் மேலிருந்து அடக்க முடியாது. பயிற்சியில் கோச் கண்டும் காணாமல் விடுகிற கேரி, ஆட்டத்தில் எதிரணிக்குப் பந்தாகப் போகிறது. முதல் நாளிலிருந்தே நிறுத்திச் சொல்லுங்கள்.

பயிற்சியில் பிரமாதம், ஆட்டத்தில் பந்து போய்விடுகிறது

நின்ற இடத்தில் தட்டும் பயிற்சியில் அடுத்து என்ன வரும் என்று பிள்ளைக்கு முன்பே தெரியும். ஆட்டத்தில் தெரியாது. அந்த இடைவெளியை ஸ்பைடரை இன்னும் வேகமாகச் செய்து நிரப்ப முடியாது.

எளிதான பாலம் ஒன்று: இரண்டு பிள்ளைகள், ஆளுக்கொரு பந்து, 3.6 மீட்டர் விட்டமுள்ள நடு வட்டத்துக்குள். தன் பந்தைத் தட்டிக்கொண்டே மற்றவரின் பந்தை வெளியே தட்டிவிட வேண்டும். பந்தை இழந்தவரை வெளியே உட்கார வைக்காதீர்கள். முதலில் வெளியேறுபவர்தான் அதிகம் தட்ட வேண்டியவர். உட்கார வைத்தால் அவருக்குப் பயிற்சியே கிடைக்காது. வட்டத்துக்கு வெளியே பழகாத கையில் பத்துத் தட்டு, மறுபடி உள்ளே. அடுத்தது, பிள்ளை ஓடிவரும்போது எதிரே நிற்பவர் கடைசி நொடியில் ஒரு கையை நீட்டுவது. நீண்ட கைக்கு எதிர்ப்பக்கம் கிராஸ்ஓவர். கை நீளும் வரை முடிவெடுக்கக் கூடாது.

எவ்வளவு நேரம்

ஒரு சுற்று 20 முதல் 30 விநாடி, அதே அளவு ஓய்வு, மொத்தம் 12 முதல் 15 நிமிடம். வாரம் ஒரு நாள் ஒரு மணி நேரம் செய்வதைவிடத் தினமும் இந்த அளவு செய்வதில் பலன் அதிகம். பத்து முயற்சியில் இரண்டு மூன்று தப்பினால் கடினம் சரியான அளவில் இருக்கிறது. ஒன்றும் தப்பவில்லையென்றால் ஒரு படி ஏற்றுங்கள், பாதிக்கு மேல் தப்பினால் ஒரு படி இறக்குங்கள். பழகாத கையில் வலுவாகத் தட்டப் பழகும் முதல் வாரத்துக்கு மட்டும் கொஞ்சம் தாராளம் காட்டலாம். முன்கை இறுகி, அறையும் சத்தம் மறுபடி கேட்கத் தொடங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான், பந்தை வாங்கி வைத்துவிடுங்கள். பந்து நேராக நுனியில் மோதி விரல் வீங்கினால் இழுத்துவிடாதீர்கள். குளிர்ந்த ஒத்தடம் கொடுத்து, விரலை மடக்க முடியவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.